மஞ்சத்தண்ணிப் பாட்டு

எரிச்சலில் எழுதிய பாட்டு அது. காதலில் எழுதியது என்று பலபேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நினைக்கட்டும். சீவலப்பேரியிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வண்ணார்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவள் நான். குளித்து, தலை பின்னி, பூ வைத்து, இஸ்திரி போட்ட சேலையைக் கசங்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினால், பஸ்ஸில் இருக்கிற இளவட்டம் ஒருத்தன் நிமிர்ந்து பார்க்க மாட்டான். எல்லாத் தலையும் செல்லுக்குள் கவிழ்ந்து கிடக்கும். பஸ்ஸில் பையன்கள் முறைத்து முறைத்துப் பார்க்கிறார்கள் என்று அக்காமார் அலுத்துக்கொண்டதைக் கேட்டு வளர்ந்தவள் நான். என் காலம் வந்தபோது அலுத்துக்கொள்ளக்கூட ஆள் இல்லை. இது என்ன நியாயம்? யாரும் பார்த்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு மனுஷி ஏறியிருக்கிறாள் என்பதாவது தெரிய வேண்டாமா?

ஒரு நாள் அந்தக் கோபத்தில், பாலத்தைத் தாண்டும்போது, தானாக வாய்க்குள் வந்தது:

*செல்லுக்குள்ள குனிஞ்ச தலை நிமிராதோ, அத்தான்?*
*சேலைகட்டி நிக்கேனே, தெரியலையோ, அத்தான்?*

நான் வேலை பார்ப்பது சேலைக் கடை. மத்தியானச் சாப்பாட்டை மேல்மாடியில் சரக்கு வைக்கிற அறையில், சேலை வந்த அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிடுவோம். நாலு பேர். எங்களில் மூத்தவள் கல்யாணமாகி, பள்ளிக்கூடம் போகிற மகனை வைத்திருக்கிறவள். பட்டுப் பிரிவில் நிற்பாள். குரல் என்றால் அவள் குரல்தான். குழம்புச் சோற்றைப் பிசைந்துகொண்டே சும்மா ஒரு வரி இழுப்பாள். நாங்கள் மென்றதை விழுங்க மறந்துபோவோம். குட்டையாக ஒருத்தி உண்டு. அவளுக்குக் கை சும்மா இருக்காது, காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் தட்டுவாள். இன்னொருத்தி பாளையங்கோட்டைக்காரி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் குழுவாகப் பாடிப் பழகியவள். நாலு பேரும் ஒரே மாதிரிக் கத்தினால் அது பாட்டில்லை, குரல் ஆளுக்கொரு படியில் நிற்க வேண்டும் என்று எங்களை அதட்டி அதட்டி நிற்க வைத்தவள் அவள்தான். நான் வாய்க்காரி. வார்த்தை எல்லாம் என்னுடையது.

என் இரண்டு வரியைச் சொன்னதும் குட்டைக்காரிக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. மூத்தவள் சிரிக்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து, கண்ணை மூடி, அதை ஒரு மெட்டில் போட்டுப் பாடினாள். கிண்டலாக நான் எழுதியது அவள் வாயில் போனதும் கொஞ்சலாக மாறிவிட்டது. அன்றைக்கு நாங்கள் கீழே இறங்கத் தாமதமாகி, மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

பிறகு மிச்ச வரிகளும் வந்தன. பாட்டைப் பதிவு செய்ய வேண்டும் என்று ஆசை வந்தது. வண்ணார்பேட்டையிலேயே ஒரு சந்துக்குள் பதிவுக்கூடம் வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். ஊர் ஊராகக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அம்மன் பாட்டுப் பதிவு செய்து கொடுத்தே பழகினவர். நாங்கள் பாடி முடித்ததும், எங்களைக் கேட்காமலே, முன்னால் உறுமியும் இடையில் குலவைச் சத்தமும் சேர்த்துவிட்டார். இது அம்மன் பாட்டு இல்லை அண்ணாச்சி, ஒருத்தனைச் சீண்டுகிற பாட்டு என்று சொன்னேன். பொம்பளைகள் நாலு பேர் சேர்ந்து பாடினால் குலவை இல்லாமல் எப்படி என்று அவர் எங்களையே திருப்பிக் கேட்டார். போட்டுக் கேட்டோம். உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒருத்தனைப் பார்த்து 'என்னைப் பாரேன்' என்று கேட்கிற இடத்தில் குலவை விழுந்தால், அதற்குமேல் அவன் பார்க்காமல் இருக்க முடியாது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

வீடியோ எடுக்க வந்தவர் கல்யாண வீடியோக்காரர். அவருக்கும் அதே கதைதான். எங்களை வயல் வரப்பில் நடக்கவிட்டார். வளையலைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார். தலையைத் தூக்கு, இறக்கு, பைய இறக்கு என்றார். டிரோனைப் பறக்கவிட்டு எருமைகளை மிரளவைத்தார். கடைசியில், மாப்பிள்ளை எங்கே என்று கேட்டார். மாப்பிள்ளை கிடையாது, இது நாலு பெண்கள் பாடுகிற பாட்டு என்றோம். மனுஷருக்கு ஓடவில்லை. எதிரே ஒருத்தன் நிற்காமல் எதைப் பார்த்து வெட்கப்படுவீர்கள் என்று அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது.

ஆள் தேடினோம். யாருடைய தம்பியும், யாருடைய கொழுந்தனும் சம்மதிக்கவில்லை. அந்த நேரத்தில்தான் எங்கள் கடைக்கு ஏசி மெக்கானிக் ஒருவர் வந்தார். நாலு பக்கமும் பெண்கள் நிற்கிற கடையில் ஏணி போட்டு ஏறினார், இறங்கினார், பெட்டியைத் திறந்தார், மூடினார். ஒருத்தியையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பார்க்க லட்சணமாகவும் இருந்தார். இவர்தான், இந்தப் பாட்டுக்கென்றே பிறந்தவர் என்று குட்டைக்காரி என் காதில் சொன்னாள். நான்தான் போய்க் கேட்டேன். வெள்ளைச் சட்டை இருக்கிறதா, ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லையே, தண்ணீர் ஊற்றினால் சளி பிடிக்காதே என்றெல்லாம் கேட்டேன். வீட்டில் ஒன்றும் சொல்ல மாட்டார்களே என்றும் கேட்டேன். மறுநாள், அம்மையிடம் கேட்டுவிட்டேன், வருகிறேன் என்று சொல்லிவிட்டார். கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் நான் கேட்கவில்லை. அது அப்போது தோன்றவே இல்லை.

தண்ணீர் என்று சொன்னேன் இல்லையா, அது மஞ்சள் தண்ணீர். எங்கள் பக்கம் கொடை முடிகிற அன்றைக்கு மஞ்சள் நீராட்டு உண்டு. மாமன் மகள், அத்தை மகள் என்று முறை உள்ள பெண்கள், முறை உள்ள ஆண்களைத் துரத்தித் துரத்தி மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். வருஷம் முழுக்கக் குனிந்த தலை நிமிராத பெண்ணுக்கும் அன்றைக்குக் குடம் தூக்க உரிமை உண்டு. யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அதைத்தான் கடைசி வரியில் வைத்திருந்தேன்:

*மொழம் பூவு வாடுமுன்னே மொகத்தத்தான் திருப்பும்;*
*மஞ்சத்தண்ணி ஊத்தட்டுமா, மனசுந்தான் திரும்பும்.*

சீவலப்பேரி ஆற்றுப் படித்துறையில் அதை எடுத்தோம். அவர் வெள்ளைச் சட்டையில், செல்லைப் பார்த்துக்கொண்டு, தலை குனிந்து நிற்க வேண்டும். நான் பின்னால் வந்து ஊற்ற வேண்டும். அவர் பைய நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். சட்டை ஒன்றுதான், அதனால் ஒரே தடவையில் சரியாக வர வேண்டும் என்று வீடியோக்காரர் சொல்லியிருந்தார். நான் ஊற்றினேன். அவர் நிமிரவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. செல் நனைந்துவிடக் கூடாது என்று இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் படித்துறையே அதிர்ந்தது. அவர்களே குலவையும் போட்டார்கள். வீடியோவில் எல்லோருக்கும் பிடித்தது அந்த இடம்தான். இரண்டு இதயம் பறந்து வந்து ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதை மட்டும் எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினோம். வீடியோக்காரர் மனசில்லாமல் ஒரு இதயத்தை எடுத்தார்.

நெட்டில் ஏற்றின பிறகு ஊர் சும்மா இருக்குமா? நடவு வயலில் பெண்கள் அதைப் பாடினார்கள். கொழுந்தன்மாரைக் கேலி செய்ய மயினிமாருக்கு வசதியாகப் போயிற்று. ஸ்டேட்டஸ் முழுக்க மஞ்சள் தண்ணீராக ஓடிற்று. எங்கள் டவுன் பஸ் நடத்துநர் ஒரு நாள் காலையில் பஸ்ஸிலேயே போட்டுவிட்டார். அன்றைக்குத்தான் என் வாழ்நாளில் முதல் தடவையாக, பஸ்ஸில் ஒரு தலை நிமிர்ந்தது. என்னைப் பார்த்தது. உடனே குனிந்து, செல்லில் அந்த வீடியோவைப் போட்டு, வீடியோவில் இருக்கிறவளும் நானும் ஒரே ஆள்தானா என்று சரிபார்த்தது. தலையில் அடித்துக்கொண்டேன்.

அம்மா வயலில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அப்பா, சத்தம் கூடுதலாக இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொண்டார். கடைக்கு வருகிறவர்கள் பட்டுப் பிரிவில் நின்று, நீதானம்மா பாடினது என்று மூத்தவளைக் கேட்பார்கள். அவள் ஆமாம் என்றும் சொல்ல மாட்டாள், இல்லை என்றும் சொல்ல மாட்டாள், சேலையை விரித்துக் காட்டிக்கொண்டே இருப்பாள். முகம் மட்டும் சிவந்துபோகும்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது பங்குனி உத்திரம் வந்தது.

திருநெல்வேலிச் சீமையில் பங்குனி உத்திரத்தன்று ஊர் காலியாகிவிடும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் குலசாமியாக ஒரு சாஸ்தா உண்டு; எங்கே வேலை பார்த்தாலும் அன்றைக்கு அவர் முன்னால் வந்து நின்றாக வேண்டும். எங்கள் ஆட்களில் ஒரே சாஸ்தாவைக் கும்பிடுகிறவர்கள் எல்லாரும் பங்காளிகள். முன்பின் தெரியாதவனாக இருந்தாலும் அண்ணன் தம்பி முறை. பெண் கொடுப்பது, எடுப்பது என்ற பேச்சே கிடையாது. எங்கள் சாஸ்தா உடன்குடிப் பக்கம், செம்மணல் மேடாகக் கிடக்கிற தேரிக்குள்ளே, பனைகளுக்கு நடுவில் இருக்கிறார். வேன் பிடித்து, அடுப்பு, பானை, பிள்ளை குட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனோம். பங்காளிக் குடும்பங்கள் எங்கெங்கிருந்தோ வந்து மணலில் பாய் விரித்திருந்தன. பாதிப் பேரை எனக்குத் தெரியாது.

வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். கோயில் வாசலில் கருப்பட்டி போட்ட பானக்காரம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தம்ளரை நீட்டிக்கொண்டு போனேன். கரண்டியைப் பிடித்திருந்தது ஏசி மெக்கானிக்.

எனக்குக் கொள்ளை சந்தோஷம். நீங்களா, இங்கே எப்படி என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பின்னால் நின்ற சித்தி எட்டிப் பார்த்துவிட்டாள்.

"ஏளா, இது ஒம்பாட்டுல மஞ்சத்தண்ணி வாங்குன பையம்லா?"

வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்தால் கேட்கவா வேண்டும். பாய் பாயாகச் செய்தி போய், கடைசியில் பெரியப்பாவின் காதில் விழுந்தது. அப்பாவின் அண்ணன் அவர். கோயில் காரியம் எல்லாம் அவர் கையில். மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தார். எந்த ஊர் என்று அவரைக் கேட்டார். பேட்டை என்றார் மெக்கானிக். ஒங்க சாஸ்தா இதுதானா என்று கேட்டார். மெக்கானிக் கோயிலைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

பங்காளி! அண்ணன் முறை! அண்ணன் மேல் மஞ்சள் தண்ணீரை ஊற்றி, அத்தான் என்று பாடி, அதை நெட்டிலும் ஏற்றி, ஊர் ஊராக ஓடவிட்டிருக்கிறேன். சித்தி வாயில் கை வைத்தாள். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பெரியப்பா சாமியாடுகிறவர் கணக்காய்க் குதிக்க ஆரம்பித்தார். அவர் கத்திய கத்தலில் மெக்கானிக் கரண்டியைப் பானைக்குள் போட்டுவிட்டு ஒரே ஓட்டமாக ஓடிவிட்டார். நல்ல ஆண்பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

ஏசி பார்க்க வந்தவரிடம் எந்த சாஸ்தா என்றா கேட்க முடியும் என்று நான் பெரியப்பாவிடம் மல்லுக்கு நின்றேன்.

"ஏசி பாக்கதுக்குக் கேக்க வேண்டாம். மஞ்சத்தண்ணி ஊத்துததா இருந்தா கேக்கணும்" என்றார்.

கொடையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவதற்குள் யார் மகன், யார் பேரன் என்று விசாரிக்கிற ஊரில் பிறந்தவள் நான். சட்டை வெள்ளையா என்று கேட்டிருக்கிறேன்.

தீர்ப்பு உடனே வந்தது. அந்த வீடியோவை இப்போதே நெட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டு சாஸ்தா முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும், இந்தப் பாட்டு இனி எங்கேயும் வராது என்று. இல்லையென்றால் அடுத்த வருஷம் எங்கள் வீட்டு வரியை வாங்க மாட்டார்கள். கோயில் வரி வாங்கவில்லை என்றால் எங்கள் வீடு பங்காளி இல்லை என்று அர்த்தம். அப்பா தன் சொந்த சாஸ்தா கோயிலில் விருந்தாளி மாதிரி வந்து நிற்க வேண்டும். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கற்பூரம் அணைத்துச் செய்கிற சத்தியத்தை எங்களில் யாரும் மீறியது கிடையாது. செய்தால், பாட்டு அன்றோடு செத்தது.

வீடியோ என் செல்லிலிருந்துதான் ஏற்றினது. என்னால்தான் எடுக்க முடியும். செல்லைத் திறந்தேன். டவர் இல்லை. பனங்காட்டுக்குள் எங்கே டவர் கிடைக்கும்? தேரி மேட்டு மேலே ஏறினால் கிடைக்கும் என்று சித்தப்பா மகள் சொன்னாள். அவள் காலையிலிருந்து நாலைந்து தடவை ஸ்டேட்டஸ் போட அங்கே போய்விட்டு வந்திருக்கிறாள். அவ்வளவுதான், பெரியப்பா முன்னே, நான் பின்னே, எனக்குப் பின்னே அப்பா, அம்மா, சித்தி, சித்தப்பா மகள், இன்னும் யார் யாரோ என்று ஒரு பாட்டை அழிக்க ஊர்வலமே கிளம்பியது. செருப்பைக் கோயிலில் கழற்றிப் போட்டிருந்தோம். பங்குனி வெயிலில் செம்மணல் சுட்ட சூட்டுக்கு, பெரியப்பா கோபத்தில் நடக்கிறாரா, கால் பொறுக்காமல் குதிக்கிறாரா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா முதுகில் ஒன்று வைத்தாள்.

மேலே போனதும் டவர் வந்தது. எடுளா என்றார் பெரியப்பா. இது என் ஒருத்தியின் பாட்டு இல்லை, நாலு பேருக்கும் சொந்தம், ஒரு வார்த்தை கேட்காமல் எடுக்க மாட்டேன் என்றேன். சரி கேட்டுத் தொலை என்று விட்டார். மற்ற இரண்டு பேருக்கும் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மூத்தவள் எடுத்தாள். புகுந்த வீட்டு சாஸ்தா கோயிலில், மாமியார் கூட்டத்துக்கு நடுவில் இருந்தாள். குரலைத் தாழ்த்தி என்ன என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன்.

"எடுக்கணும்னா எடுத்துரு. நீ ஒத்தையா நின்னு எம்புட்டுத்தான் மல்லுக்கட்டுவ" என்றாள்.

சரி என்று சொல்லப் போனேன். அவள் இன்னும் மெதுவாகச் சொன்னாள்.

"எங்க வீட்டுல நான் வாயத் தொறந்து பாட முடியாதுன்னு ஒனக்குத் தெரியும்லா. அந்தப் பாட்டு கெடந்துச்சுன்னா, நான் எங்கனயோ பாடிக்கிட்டுதான் இருக்கேன்னு ஒரு நெனப்பு. வேற ஒண்ணும் இல்ல."

பாட்டு என்னுடைய விளையாட்டு. வாய்த்துடுக்குக்கு எழுதினேன், இது போனால் இன்னொன்று எழுதுவேன். அவளுக்கு அப்படி இல்லை. அந்த ஒரு வீடியோவுக்குள்தான் அவள் வாய் திறந்திருக்கிறது. செல்லைக் காதிலிருந்து எடுத்து, கையிலேயே வைத்துக்கொண்டு, எடுக்க மாட்டேன் என்று பெரியப்பாவிடம் சொன்னேன். வரி வாங்காட்டா போங்க, நான் வெளியே நின்று கும்பிட்டுக்கொள்கிறேன், சாஸ்தாவுக்குக் கண் தெரியும் என்றேன். அம்மா ஐயோ என்றாள். பெரியப்பாவுக்குப் பக்கத்தில் நின்ற அப்பா நகர்ந்து எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

பெரியப்பா பதில் சொல்வதற்குள் கீழேயிருந்து ஒரு சத்தம். ஏசி மெக்கானிக் மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தார். ஓடிப்போன மனுஷர் தன் அம்மையைக் கூட்டிக்கொண்டு வருகிறார். அந்த அம்மா மணலில் கால் புதையப் புதைய, ஒரு கையால் சேலையைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் மகனின் தோளைப் பிடித்து, மூச்சிரைக்க ஏறி வந்தாள். வந்தவள் நேராகப் பெரியப்பா முன்னால் நின்றாள்.

"அண்ணாச்சி, நான் இந்தச் சாஸ்தாவுல பொறந்தவ. இவன் இல்ல. இவனுக்கு அவங்கப்பா சாஸ்தா, அது மேக்க மலையடிவாரத்துல இருக்கு. இவனுக்கு நல்ல வேலை அமைஞ்சா எம் பொறந்த வீட்டுச் சாமிக்குப் பானக்காரம் ஊத்துகேன்னு நேந்திருந்தேன். அதான் விடியமுன்னே அங்க கும்பிட்டுட்டு இங்க கூட்டிட்டு வந்தேன்."

பெரியப்பா மகனைப் பார்த்தார். பெறவு எதுக்குடே தலைய ஆட்டுன என்றார். இங்கதான வந்திருக்கோம், அதான் ஆட்டினேன் என்றார் மெக்கானிக்.

பெரியப்பா அந்த அம்மாவின் அப்பா யார், தாத்தா யார் என்று விசாரித்து, விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டார். இங்கே பிறந்தவள் என்றால் பங்காளி வீட்டுப் பெண். பங்காளி வீட்டுப் பெண் என்றால் எங்கள் அப்பாவுக்குத் தங்கை முறை. எனக்கு அத்தை. அத்தை மகன் என்றால் யார்? கணக்கு முடிந்ததும் பெரியப்பா முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே!

"முறை மாப்பிளைலா! அப்பச் சரியாத்தான ஊத்தியிருக்கா" என்றார்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு நேரம் என்னைச் சுடுமணலில் நிற்கவைத்து, அப்பாவைத் தலைகுனிய வைத்து, கற்பூரம் கொண்டுவரச் சொல்லி ஆளும் அனுப்பிவிட்டு, இப்போது சிரிக்கிறார். பாட்டில் ஒரு எழுத்துகூட மாறவில்லையே பெரியப்பா, அப்போது கெட்ட பாட்டு, இப்போது மட்டும் எப்படி நல்ல பாட்டாயிற்று என்று கேட்டேன். முறை மாறிட்டுல்லா என்றார், கொஞ்சமும் கூசாமல். அதோடு விட்டாரா? அந்த வீடியோவை இதுவரை முழுசாகப் பார்க்கவில்லையாம், போட்டுக் காட்டச் சொன்னார். சித்தப்பா மகள் தன் செல்லில் போட்டாள். அந்த உச்சி வெயிலில், கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டு, அத்தனை பேரும் அந்தச் சின்னத் திரைக்குள் தலையைக் கவிழ்த்தார்கள்.

மகன் செல்லைத் தூக்கிக்கொண்டு கண்ணை மூடி நிற்கிற இடம் வந்ததும் அத்தை சிரித்துச் சிரித்து மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பெரியப்பா மட்டும் முகத்தைச் சுளித்தார். முறை மாப்பிள்ளைக்கு ஒரு குடம் காணுமா, நம் வீட்டில் தண்ணீருக்கா பஞ்சம், ஆற்றையே அள்ளி ஊற்றியிருக்க வேண்டாமா என்று குறைப்பட்டுக்கொண்டார். அத்தை என் கையைப் பிடித்து, மருமகளே என்று ஆரம்பித்தாள். அதெல்லாம் பைய பார்க்கலாம் அத்தை என்றேன். மெக்கானிக் அப்போதுதான் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். அதைப் பற்றி இங்கே ஒன்றும் சொல்வதாக இல்லை.

அப்போதுதான் என் கையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. பார்த்தால், போனை நான் வைக்கவே இல்லை. மூத்தவள் அந்தப் பக்கம் இன்னும் இருந்தாள். காதில் வைத்தேன். கூச்சலும் சிரிப்புமாகக் கேட்கிறது, ஒன்றும் விளங்கவில்லை, எடுத்தாச்சா என்று கேட்டாள். அதே தாழ்ந்த குரல்.

சொல்ல வந்தேன், அழுகை முந்திக்கொண்டது. சித்தப்பா மகளின் செல்லுக்கு நேரே என் செல்லைப் பிடித்தேன். வீடியோ திரும்பவும் முதலிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. உறுமி முடிந்து மூத்தவளின் குரல் எழுந்தது. அவள் அந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக் கேட்பது எனக்குத் தெரிந்தது.

பிறகு அவளும் பாட ஆரம்பித்தாள். முதலில் வாய்க்குள். அடுத்த வரியில் குரல் ஏறியது. யாருளா அங்கன பாடுதது என்று அவளுக்குப் பின்னால் ஒரு வயதான பெண்குரல் அதட்டியது எனக்கே கேட்டது. அவள் நிறுத்தவில்லை.